பின்பக்கத்துக் கையெழுத்து

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் சேமிப்பைப் பற்றிச் சொன்னார்கள். நான் ஒரு கையெழுத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காசோலையின் முன்பக்கத்தில் போடுவது அல்ல, பின்பக்கத்தில் போடுவது.

நெகிரி செம்பிலானில் லாபுவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். 1990-களில் அந்த வட்டாரத்தில் பால்மரக் காடுகள் வீடமைப்பு நிலங்களாக மாறின. எங்கள் தோட்டமும் மூடப்பட்டது. பணிநீக்க நன்மை குறித்த 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, 5 ஆண்டுக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். என் அப்பா பால் வெட்டியது 18 ஆண்டு. 360 நாள் சம்பளத்துக்கு அவர் பெயரில் ஒரு காசோலை வந்தது.

அப்பாவுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. சம்பளத்தைக் கையில் காசாகவே வாங்கிப் பழகியவர். தோட்டத்துக் கடைக்காரர், "அண்ணே, பின்னால ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, என் கணக்குல போட்டு மாத்தித் தர்றேன்" என்றார். அப்பாவும் தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பழைய கடன், வட்டி, செலவு என்று கழித்தது போக, பாதிக்கும் குறைவாகவே கைக்கு வந்தது. மலிவு விலை வீட்டுக்கு முன்பணமாகக் கட்ட நினைத்திருந்த பணம் அது. கணக்குக் கேட்டால், "நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க!" என்ற ஒரே பதில். அந்த வீடு எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

நேயர்களே, அந்தக் கையெழுத்தின் பொருள் என்ன? "இந்தப் பணத்தை இன்னொருவருக்கு விட்டுக் கொடுத்தேன்" என்பதுதான். நம் நாட்டில் காசோலைகளுக்கான சட்டம் 1949-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அதன்படி, பெயர் எழுதாமல் வெறும் கையெழுத்து மட்டும் போட்டால், அந்தக் காசோலை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே உரியதாகிவிடும். வழியில் தொலைந்தாலும் ஆபத்துதான். "இன்னாருக்குக் கொடுக்கவும்" என்று பெயரை எழுதி, அதன் கீழ் கையெழுத்துப் போட்டால் ஓரளவு பாதுகாப்பு உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் மாற்றிக் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பி வந்தால், அதை வாங்கியவர் உங்களிடமும் பணம் கேட்கலாம். பின்னால் போட்ட கையெழுத்து உங்களையும் பொறுப்பாளி ஆக்குகிறது.

காசோலையின் முகப்பில் இரண்டு கோடு போட்டு, 'பெறுபவர் கணக்கில் மட்டும்' என்று பொருள்படும் ஆங்கில வாசகம் எழுதப்பட்டிருந்தால், அதை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவே முடியாது. சிலர் இதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். அது நமக்குப் போட்ட வேலி. என் அப்பாவின் காசோலையில் அந்த வாசகம் இருந்திருந்தால், கடைக்காரர் அதைத் தொட்டிருக்க முடியாது. அப்பாவும் சிரம்பானுக்குப் பஸ் ஏறி, தம் பெயரில் ஒரு கணக்குத் திறந்திருப்பார்.

இன்று காசோலை குறைந்துவிட்டது, சம்பளம் நேரே வங்கிக்குப் போகிறது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் கடன் கொடுத்தவரிடம் ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் ஒப்படைத்துவிட்டு, சம்பள நாளில் அவர் வாசலில் நிற்கும் தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்களே! அதுவும் பின்பக்கத்துக் கையெழுத்துதான். ஒரு முறை அல்ல, மாதா மாதம் போடும் கையெழுத்து.

ஆகவே, வீட்டில் சம்பாதிக்கும் ஒவ்வொருவருக்கும், முக்கியமாகத் தாய்மார்களுக்கு, அவரவர் பெயரில் ஒரு கணக்கு இருக்கட்டும். அட்டை அவரவர் கையிலேயே இருக்கட்டும். கடன் வாங்கினால் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவது என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். யாராவது "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று சொன்னால், வீட்டில் படித்த பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்று எங்கள் வீட்டில் வாசித்துச் சொல்ல யாரும் இல்லை. எனக்கு அப்போது வயது எட்டு.