கல்லான மரமும் பொடிந்த எலும்பும்
(பள்ளி மாணவரிடையே ஆற்றிய உரை)

 

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஓர் அடிமரம் கிடக்கின்றது. அதன் நீளம் 18 மீட்டர். கோடரி கொண்டு வெட்டினால் மரம் பிளவாது. கோடரியின் வாய்தான் மழுங்கும். ஏனெனில் அது கல்! மக்கள் அதனைக் 'கல்மரம்' என்றே வழங்குகின்றனர். அறிஞர் குழு அமர்ந்து ஆய்ந்தாலும் இதனினும் பொருத்தமான கலைச்சொல்லை ஆக்கிவிட முடியுமா? 1940ஆம் ஆண்டில் இம்மரத்தை அறிவுலகிற்கு அறிவித்தவர், தஞ்சைப் பகுதியிற் பிறந்த நிலநூலறிஞர் எம். எசு. கிருட்டிணன்.

மரம் எங்ஙனம் கல்லாயிற்று? ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன்னர் இன்றைய அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளைக் கடல் மூடியிருந்தது. ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரம் கடலடிச் சேற்றில் அமிழ்ந்தது. அதன்மேல் மணலும் வண்டலும் அடுக்கடுக்காய்ப் படிந்தன. காற்றுப் புகாத இடத்தில் மரம் எளிதில் மட்குவதில்லை. மணற்சத்துக் கரைந்த நீர் அதன் நுண்ணறைகளுள் சிறுகச் சிறுக ஊறி, அச்சத்தினை அங்கே படியவிட்டது. மரப்பொருள் மறைய மறைய, அதன் இடத்தைக் கல் பற்றிக்கொண்டது. வடிவம் நின்றது, பொருள் மாறிற்று.

கடல் இருந்ததற்குச் சான்று என்ன என்று நீங்கள் கேட்க வேண்டும், கேளாமல் நம்பலாகாது. காரை என்னும் ஊரை ஒட்டிய வறண்ட மேடுகளில் அம்மோனைட்டு என்னும் உயிரியின் சுருள் ஓடுகள் கிடைக்கின்றன. அது கடலில் மட்டுமே வாழ்ந்த உயிரி. டைனோசர்கள் மறைந்த காலத்தை ஒட்டி அதுவும் மறைந்தது. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் எடுத்துச் சாளக்கிராமம் என்று வழிபடப்பெறும் கருங்கற்களுள் காண்பதும் இதன் சுருளே. அரியலூர்ச் சிமிட்டி ஆலைகள் அரைக்கும் சுண்ணாம்புக் கல்லிலும் அப்பழங்கடலின் சிப்பிகளும் ஓடுகளும் நிறைந்துள்ளன. ஆலை வேண்டா என்று நான் கூறவில்லை. அரைக்குமுன் ஒருமுறை பார்க்க ஆள் வேண்டும் என்கிறேன்.

2020ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. 'டைனோசர் முட்டை' என்ற பேச்சு ஊரெங்கும் பரவிற்று. ஆய்ந்தவர்களோ முட்டையன்று என்றனர். இறந்த ஓர் உயிரியைச் சுற்றிச் சுண்ணச் சத்து உறைந்து, உருண்டையாய் வளர்ந்து கல்லாவது உண்டு. உடைத்துப் பார்த்தால் உள்ளே சில வேளைகளில் அம்மோனைட்டின் சுருள் இருக்கும். முட்டையாயின் மெல்லிய ஓடும், அவ்வோட்டில் உருப்பெருக்கியில் தெரியும் நுண்துளைகளும் இருத்தல் வேண்டும். உருண்டையாய் இருப்பதெல்லாம் முட்டையாகுமா?

ஆனால் மெய்யாகவே டைனோசர் எலும்புகளும் இம்மண்ணிற் கிடைத்தன. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கண்டெடுத்த மாபெரும் எலும்புகளை எடகிரி, அய்யாசாமி என்னும் இரு நிலநூலார் 1980களின் இறுதியில் விளக்கி எழுதினர். முதலில் ஊனுண்ணி எனக் கருதப்பட்ட அவ்விலங்கு, பின்னர் நீள்கழுத்துத் தழையுண்ணி எனக் கொள்ளப்பட்டது. உலகின் மிகப்பெரு நிலவிலங்குகளுள் ஒன்றாய் அஃது இருந்திருக்கலாம். அளந்து முடிவு கட்ட இன்று வழியில்லை. அவ்வெலும்புகள் நைந்து பொடிந்து போயின! எஞ்சியவை சில வரைபடங்களும் ஒளிப்படங்களுமே. ஒட்டுப்பசை ஊட்டி, உரிய முறையிற் காத்திருந்தால் அவை நின்றிருக்கக் கூடும் என எண்ணும்போது நெஞ்சு பதைக்கின்றது.

ஆகவே, மாணவர்களே, வயலிலோ ஓடையிலோ இத்தகைய கல்லைக் கண்டால் பெயர்த்தெடுத்து வீட்டிற்குக் கொண்டு போகாதீர்கள். எந்த அடுக்கில், எத்தனை அடி ஆழத்தில், எந்தப் பாறையுடன் கிடந்தது என்பதிலேதான் அதன் அகவை அடங்கியிருக்கின்றது. இடத்தைக் குறித்து, படம் வரைந்து, ஆசிரியரிடம் காட்டுங்கள். அரியலூரை அடுத்த வாரணவாசியில் தொல்லுயிர் அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. அங்கே சென்று ஓடுகளைக் கண்டு, பின்னர்ச் சாத்தனூர்க் கல்மரத்தையும் பார்த்து வாருங்கள்.