தொலைக்காட்சி விவாதமும் நம் வீட்டுக் கணக்கும்

(நமது அறக்கட்டளையின் குடும்பநலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இஷா தொழுது வீடு திரும்பும் நேரத்தில் தொலைக்காட்சியில் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்சிக்காரர்களுக்கு நடுவில் ‘கொள்கை ஆய்வாளர்’ என்று ஒருவர் அமர்ந்திருக்கிறார். கட்சிக்காரர் பேச்சை நாம் பாதிதான் நம்புகிறோம். ஆய்வாளர் ஒரு சதவீதத்தைச் சொல்லிவிட்டால் முழுதாக நம்பிவிடுகிறோம். செய்தி வந்தால் விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கம். புள்ளிவிவரமும் ஒரு செய்திதான். அதைக் கேட்கும்போது மூன்று கேள்விகளை மனத்தில் வைப்போம்.

முதலாவது, பேசுகிறவர் எந்த நிறுவனத்தில் இருக்கிறார்? மால்கம் ஆதிசேசய்யா 1971-ல் சென்னையில் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஒரு வகை. மாநிலத் திட்டக்குழுவும், 2015-ல் வந்த நிதி ஆயோக்கும் அரசின் அங்கங்கள். தனியார் நன்கொடையில் நடப்பவையும் உண்டு. பணம் கொடுப்பவருக்காகத்தான் பேசுகிறார் என்று யாரையும் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் எங்கிருந்து பேசுகிறார் என்று தெரிந்து கேட்க வேண்டும்.

இரண்டாவது, எந்த ஆண்டுக் கணக்கு? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. மாநில சராசரி 80. நம் மாவட்டத்துப் பெண்களிடையே ஏறத்தாழ 60தான். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால் இந்த எண்ணையே இன்னும் சொல்கிறார்கள். அன்று ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு இன்று கல்லூரி முடிக்கும் வயது.

மூன்றாவது, யாருடைய சராசரி? 2001 கணக்குப்படி நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 59 சதவீதம். நாட்டின் சராசரியைவிடக் குறைவு. அதே ஆண்டு தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு மாநில சராசரியைவிட அதிகம். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டுமே தருமபுரியில் பத்தாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பெண்பிள்ளையைக் காட்டுவதில்லை. நிதி ஆயோக்கின் வறுமைக் குறியீடு மாவட்டத்தைக் காட்டுகிறது. அதற்குள் நம் சமுதாயத்தைத் தனியாகக் காட்டுவதில்லை.

சரியான கணக்கு என்ன செய்யும் என்பதற்கு நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவே சாட்சி. 2006 நவம்பரில் அதன் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. குழுவின் உறுப்பினர் செயலர் அபூஸாலிஹ் ஷரீஃப், டெல்லியில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தின் பொருளாதார அறிஞர். முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் மதரஸாவுக்கு மட்டுமே போகிறார்கள் என்று பலரும் பேசிவந்த காலம் அது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்பவர்கள் நூற்றுக்கு நான்குக்கு மேல் இல்லை என்று அந்த அறிக்கை காட்டியது. கோபப்பட்டுப் பேசிய ஆயிரம் பேச்சுகளால் ஆகாதது, எண்ணிக் காட்டியதால் ஆனது.

எனவே வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதைவிட நம் கணக்கைச் சரியாகக் கொடுப்பது மேல். 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும். லெப்பை, தக்கனி, ஷேக், சையது என்று சாதிச் சான்றிதழில் உள்ளபடியே சொல்லுங்கள். வீட்டில் உருது பேசினால் உருது, தமிழ் பேசினால் தமிழ் என்று பதியச் சொல்லுங்கள். தையல், பூக்கட்டு என்று வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் பெண்களை ‘வேலை இல்லை’ என்று எழுதவிடாதீர்கள். படிப்பை நிறுத்திய பிள்ளையை மானத்துக்குப் பயந்து மறைக்காதீர்கள். மறைத்த பிள்ளைக்கு உதவித்தொகைத் திட்டம் வராது.

ஜமாஅத் நிர்வாகிகளே, மஹல்லாவில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அரசிடம் உள்ள விவரத்தைப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவுக்கு வலு கிடைக்கும்.

இளைஞர்களே, பொருளியலும் புள்ளியியலும் படியுங்கள். விவாத மேடையில் நம்மைப் பற்றிப் பிறர் மட்டுமே பேசும் நிலை மாற வேண்டுமானால், நம் ஊர் வெயிலும் தண்ணீரும் தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர வேண்டும். அல்லாஹ் அதற்கு அருள் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.