வாசிப்பதா, செய்வதா?



என் கையில் இருக்கும் தாளில், இந்த வரிக்கு மேலே அடைப்புக்குறிக்குள் 'சற்று நிறுத்தவும்' என்று எழுதியிருக்கிறது. அதை நான் வாசிக்கக் கூடாது, செய்ய வேண்டும். மற்ற வரிகளை வாசிக்க வேண்டும். எழுதியவனும் நானே என்பதால் எனக்குக் குழப்பமில்லை. ஆனால் ஒரு நேயர் கடிதம் வருகிறது என்று வையுங்கள். அதன் நடுவே, அதே மாதிரி அடைப்புக்குறிக்குள், 'மைக்கை அணைத்துவிடவும்' என்று எழுதியிருக்கிறார். நான் அதையும் சேர்த்து வாசித்துவிட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். வாசிக்காமல் செய்துவிட்டால் நிகழ்ச்சியே போயிற்று.

இணையதளங்களை நடத்தும் மென்பொருளுக்கு ஓயாமல் இந்தச் சிக்கல்தான்.

ட்ரூபல் என்றொரு மென்பொருள். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் மாணவராக இருந்த ட்ரீஸ் பெய்டார்ட் 2001-இல் வெளியிட்டார். யாரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். அதில் ஒரு நூலகத்துக்குத் தளம் அமைத்தால், நூலின் பெயருக்கு ஒரு கட்டம், விலைக்கு ஒன்று, வெளியான தேதிக்கு ஒன்று, அட்டைப்படத்துக்கு ஒன்று என்று பிரித்து வைப்பார்கள். இந்தக் கட்டத்துக்கு ஃபீல்டு என்று பெயர். உள்ளே இருப்பது வெறும் சரக்கு. அட்டைப்படக் கட்டத்தைத் திறந்தால் படமே இருக்காது. கோப்பின் எண், அகலம், உயரம், பார்வையற்றோருக்காக எழுதிய ஒரு வரி விளக்கம் போன்றவைதான் இருக்கும். இதைப் பட்டியலில் சின்னப் படமாகவும் தனிப்பக்கத்தில் பெரிய படமாகவும் ஆக்கிக் காட்டுவது ஃபார்மேட்டர் என்ற வேறொரு பகுதி. சரக்குக்கு எச்டிஎம்எல் சட்டை போட்டு வாசலுக்கு அனுப்புகிற ஆள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எச்டிஎம்எல் என்பது உலாவிக்கு நாம் தரும் அடைப்புக்குறிக் கட்டளைதான். கணக்கில் 'விடச் சிறியது' என்று போடுவோமே, அந்தக் குறியைக் கண்டதும் உலாவி, 'இதோ கட்டளை வருகிறது' என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். யாரோ ஒருவர் தன் பெயருக்கான கட்டத்தில் அந்தக் குறியைத் தட்டினாலும் அப்படித்தான். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் நடந்தது இதுதான். சாமி காம்கர் என்ற 19 வயது இளைஞர், தன் அறிமுகப் பக்கத்தில் ஒரு கட்டளையை ஒளித்து வைத்தார். பார்க்க வந்தவர்களின் கணக்கிலிருந்தே அவருக்கு நட்பு அழைப்பு போனது. அவர்கள் பக்கத்திலும் அதே கட்டளை ஒட்டிக்கொண்டது. சுமார் 20 மணி நேரத்தில் பத்து லட்சம் பேரைத் தாண்டிவிட்டது. மைஸ்பேஸ் ஒன்றும் அசட்டையாக இருக்கவில்லை. உலாவிக்கான கட்டளை மொழியின் பெயரான 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லையே வெட்டி எறிந்துகொண்டிருந்தது. அவர் 'ஜாவா'வை ஒரு வரியிலும் 'ஸ்கிரிப்ட்'டை அடுத்த வரியிலும் எழுதினார். கதவு திறந்துகொண்டது.

கெட்ட சொல்லைத் தேடிப் பிடிப்பதைவிட, வந்ததை எல்லாம் வாசிக்க மட்டுமே உரியது என்று வைத்துக்கொள்வது மேல். அந்த 'விடச் சிறியது' குறிக்குப் பதில் ஆம்பர்சாண்ட், எல், டி, அரைப்புள்ளி என்று எழுதிக் கொடுத்தால், உலாவி குறியைக் காட்டும், கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. முன்பு ட்ரூபலில் பக்க வடிவம் எழுதுபவர் இதை மறக்காமல் ஒவ்வொரு இடத்திலும் செய்ய வேண்டியிருந்தது. மனிதன் மறப்பான். 2015-இல் வந்த எட்டாம் பதிப்பில் ட்விக் என்ற வார்ப்புரு மொழி புகுந்ததும் நிலைமை தலைகீழானது. எல்லாமே தானாக மாற்றப்படும். முறையாகச் சலிக்கப்பட்டு, 'பாதுகாப்பானது' என்ற முத்திரையோடு வருவது மட்டும் அப்படியே போகும். சலிப்பதுகூடக் காட்டும் நேரத்தில்தான். தட்டியவர் தட்டியது தரவுத்தளத்தில் அப்படியே கிடக்கும்.

இந்தக் கடைசி வரியை மீறியதில் நாங்களும் ஒருமுறை மாட்டினோம். நாங்கள் அமைத்த தளத்தில் கடைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று. நடுவில் 'அண்ட்' குறி உள்ள ஒரு கடையின் பெயர், திரையில் ஆம்பர்சாண்ட், ஏ, எம், பி, அரைப்புள்ளி என்று பல்லை இளித்தது. யாரோ சேமிக்கும்போதே மாற்றிவிட்டார்கள். காட்டும்போது ட்விக் இன்னொரு தடவை மாற்றியது. சாப்பிட்டவனுக்கு மறுபடியும் இலை போட்ட கதை. அவசரத்தில் ஒரு தம்பி வார்ப்புருவில் 'ரா' என்ற சொல்லைச் சேர்த்தார். 'மாற்றாமல் அப்படியே காட்டு' என்று அதற்குப் பொருள். பெயர் சரியாகிவிட்டது, கைதட்டல்கூடக் கிடைத்தது. ஆனால் அந்தக் கட்டத்தில் கடைக்காரர்கள் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தட்டலாம். கடிதத்தில் இருப்பதைப் படித்துப் பார்க்காமல் செய்யச் சம்மதித்துவிட்டோம்.

மறுநாள் 'ரா'வை எடுத்தோம். தரவுத்தளத்தில் புகுந்து ஒவ்வொரு பெயராகப் பழைய நிலைக்குத் திருப்பினோம். எனக்கு அதில் இரண்டு இரவு போனது. அந்தக் கடைக்காரர் போன் செய்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"பேரு இப்ப சரியா இருக்கு சார். கொஞ்சம் பெரிய எழுத்தாப் போடக் கூடாதா?"

அதற்குச் சேமித்த பெயரைத் தொட வேண்டியதில்லை. அவர் போனை வைப்பதற்குள் மாற்றிவிட்டேன்.