ஆடுகளத்துக்கு நடுவர் உண்டு, பத்திரிகைக்கு யார்?

(ஓட்டமாவடியில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விளையாட்டுச் செய்தியைப் பற்றிப் பேச ஒரு பொதுக்கூட்டம் வேண்டுமா என்று சிலர் ஐயுறலாம். வயலிலும் அலுவலகத்திலும் நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்திருக்கும் உங்கள் நேரத்தின் அருமையை நாம் அறிவோம். ஆயினும், ஒரு விளையாட்டுச் செய்தி இரண்டு ஊர்களின் உறவையே குலைத்துவிடும் என்பதைக் கண்ணாரக் கண்ட பின்னர் வாளாவிருத்தல் தகாது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் ஒரு தமிழ் இளைஞர் கழகமும் ஒரு முஸ்லிம் இளைஞர் கழகமும் உதைபந்தாடின. பந்து கோட்டைக் கடந்ததா, இல்லையா என்பதில் இரு வீரர்களுக்கிடையே வாய்த்தகராறு எழுந்தது. நடுவர் தீர்ப்புச் சொன்னார், ஆட்டம் தொடர்ந்தது, முடிவில் இரு சாராரும் ஒன்றாக இருந்து தேநீர் அருந்தினர். மறுநாள் பத்திரிகை ஒன்றைப் பிரித்தபோது, இரு சமூகத்தாரிடையே மோதல் என்று தலைப்பிட்டிருக்கக் கண்டோம். மறுப்புக் கடிதம் எழுதினோம், பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டோம், நிருபரைக் கேளுங்கள் என்றார்கள். நிருபரைக் கேட்டோம், தலைப்பை இட்டவர் அவரல்லராம், ஆசிரியரைக் கேட்கவேண்டுமாம். அடுத்த ஆண்டு அந்த ஆட்டம் நடைபெறவே இல்லை. பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் அஞ்சினர்.

ஆடுகளத்தில் எழுந்த தகராறு ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. ஏன்? அங்கே நடுவர் ஒருவர் இருந்தார். பத்திரிகையில் எழுந்த தகராறு இன்றுவரை தீரவில்லை. ஏன்? அங்கே நடுவர் இல்லை. நாம் சொல்லவந்தது இவ்வளவுதான்.

பெரிய அரங்கிலும் இதே கதைதான். கண்டியில் பிறந்த தமிழ் மகன் முத்தையா முரளிதரனை 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயர் பந்தை எறிகிறார் என்று தடுத்தார். அந்தத் தீர்ப்பை எதிர்க்க வழி இருந்தது. 1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் அவருடைய கை அளந்து ஆராயப்பட்டது. பிறவியிலேயே முழங்கை முழுதாக நிமிராதது என்றும், எறிவதுபோலத் தோன்றுவது கண்ணின் மயக்கம் என்றும் தெரிந்தது. பின்னர் சர்வதேசக் கிரிக்கெட் சபை நடத்திய ஆய்வில், பந்துவீசும்போது சிறிதளவேனும் கையை நிமிர்த்துவோரே பெரும்பாலோர் என்று கண்டு, எல்லாருக்கும் 15 பாகை என ஒரே எல்லை வகுத்தனர். 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். நடுவரின் சொல்லை அளந்து பார்க்க விஞ்ஞானிகள் வந்தனர். ஆனால் அத்தனை ஆண்டுகளாக அவர்மீது ஏளனத்தைச் சொரிந்த எழுத்துக்களை அளந்து பார்க்க எவர் வந்தனர்?

களத்தில் நீதி வளர்ந்துகொண்டே போகிறது. 1992இல் மூன்றாம் நடுவர் வந்தார். நடுவரின் தீர்ப்பையே மீளாய்வு செய்யக் கேட்கும் முறை 2008இல், இந்திய அணி வந்தபோது, நம் இலங்கையிலேதான் முதன்முதல் டெஸ்ட் ஆட்டத்தில் பரீட்சிக்கப்பட்டது. வாசகனுக்கு மட்டும் அந்த மீளாய்வு உரிமை இல்லை.

அரசாங்கத்தின் மீது குறை கேட்க ஓர் அதிகாரியை 1809இல் சுவீடன் தேசம் ஏற்படுத்தியது. 1969இல் அதே நாட்டில் பத்திரிகைகளுக்கும் குறைகேள் அதிகாரி நியமிக்கப்பட்டார். நம் அயலில், சென்னையிலிருந்து வரும் இந்துப் பத்திரிகை 2006இல் வாசகர் ஆசிரியர் என்னும் பதவியை உண்டாக்கியது. இலங்கையில் 2003இல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு அமைந்தது. அது எல்லாப் பத்திரிகைகளுக்கும் பொதுவானது. நாம் கேட்பது ஒவ்வொரு பத்திரிகையின் வீட்டுக்குள்ளேயும் இருந்து கேள்வி கேட்கும் ஒருவரை.

விளையாட்டுத் துறைக்கு அவர் தனியாக ஏன் வேண்டும்? உழவர்களே, நீங்கள் இதை எளிதில் உணர்வீர்கள். நெல்லை வாங்குபவனே தராசையும் வைத்திருந்தால் அந்தத் தராசுக்கு வேறொருவர் முத்திரை இடவேண்டும் அன்றோ? ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமையைப் பெரும் பணம் கொடுத்து வாங்குகிற நிறுவனமே, அந்த ஆட்டத்தின் குறைகளைச் செய்தியாகவும் சொல்லவேண்டியிருக்கிறது. தான் வாங்கிய பண்டத்தைத் தானே பழிப்பானா?

அமெரிக்காவின் ஈ.எஸ்.பி.என். நிறுவனம் இதற்காகவே 2005இல் ஒரு குறைகேள் அதிகாரியை வைத்தது. 2013இல், அமெரிக்க உதைபந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு வீரர்கள் மூளைநோய்க்கு ஆளாவதைப் பற்றிய ஆவணப்படத்திலிருந்து அந்த நிறுவனம் தன் பெயரை விலக்கிக்கொண்டது. அதே ஆட்டத்தை ஒளிபரப்புவதும் அந்த நிறுவனந்தான். நெருக்குதல் காரணமன்று என்று அது சொல்லிற்று. ஆயினும் அந்த விவகாரத்தை அதன் அதிகாரி ரொபர்ட் லிப்ஸைட், நிறுவனத்தின் பக்கத்திலேயே வெளிப்படையாக எடுத்து விவாதித்தார். 2018இல் அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டது. கேள்வி கேட்பவரை நிறுவனம் விரும்பிய நாளில் அனுப்பிவிடலாமென்றால், அந்தப் பதவியின் ஆயுள் எவ்வளவு என்பதை இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

பத்திரிகையின் சம்பளத்தில் இருப்பவர் எப்படி நமக்காகப் பேசுவார் என்று கேட்பீர்கள். பழைய ஓட்டமாவடிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். புகையிரதமும் மோட்டார் வண்டியும் ஒரே பாலத்தால் சென்ற காலம் அது. படலையைச் சாத்தியவன் புகையிரதப் பகுதியின் சம்பளக்காரன். காத்ததோ மாட்டுவண்டிக்காரனின் உயிரையும் சேர்த்தே. அவன் கடமை இன்னதென்று எழுதி வைத்திருந்தார்கள். அதைச் செய்ததற்காக அவனை எவரும் விலக்க முடியாது. அதுபோன்ற காவல்தான் இதுவும்.

ஆதலால் நாம் கேட்பவை சில. அதிகாரிக்குக் குறித்த பதவிக்காலம் வேண்டும், இடையில் நீக்கலாகாது. அவர் எழுதுவதை ஆசிரியர் வெட்டாமல் வெளியிடவேண்டும். முறைப்பாட்டுக்குக் குறித்த நாளுக்குள் பதில் வரவேண்டும். பிழை எந்தப் பக்கத்தில் வந்ததோ அந்தப் பக்கத்திலேயே திருத்தமும் வரவேண்டும். ஒளிபரப்பு உரிமையோ ஆதரவுப் பணமோ தொடர்புடைய செய்தியில் அதை வாசகனுக்குச் சொல்லவேண்டும். சிறிய பத்திரிகைகளுக்குத் தனியே ஒருவரை வைக்க வசதியில்லையெனில், பல பத்திரிகைகள் கூடி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையோ வழக்கறிஞர் ஒருவரையோ அமர்த்தட்டும். இவ்வுரையை வெளியிடும் பத்திரிகைக்கும் இது பொருந்தும்.

நமக்கும் கடமை உண்டு. நம் கழகம் தோற்ற செய்தி உண்மையாயின் அதைப் பிழையென்று முறையிடலாகாது. முறைப்பாடு என்பது தோல்வியின் அழுகை அன்று, உண்மையின் கேள்வி.

ஆடாமல் நின்றுபோன அந்த ஆட்டத்தை இரண்டு ஊர் இளைஞர்களும் மீண்டும் ஆடட்டும். அதை எழுதவரும் நிருபரையும் அழையுங்கள். அவரோடு சேர்ந்து தேநீர் அருந்துங்கள். மறுநாள் பத்திரிகையை மறவாமல் வாசியுங்கள். பிழை இருந்தால், பதில் வரும்வரை எழுதுங்கள்.