செருமல் மட்டும் கேட்டது
(ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பல ஆண்டுகளுக்கு முன் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கண்ணைச் சிமிட்டுவான், தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பான். "இன்னொரு தடவை செருமினால் வெளியே போய் நில்" என்றேன். ஐந்து நிமிடம் அடக்கினான். ‘அடக்க முடிகிறதே, அப்படியானால் வேண்டுமென்றே செய்கிறான்’ என்று முடிவு கட்டி, அடுத்த செருமலுக்கு வெளியே அனுப்பினேன்.

அது ‘டிக்’ என்னும் நரம்பியல் கோளாறு. தும்மலைப் போலச் சற்று நேரம் அடக்கலாம், அவ்வளவுதான். பெரும்பாலும் 5 முதல் 7 வயதில் தொடங்கும். 10 முதல் 12 வயதில் கூடுதலாக இருக்கும். பிறகு பலருக்குக் குறைந்துவிடும். பலவகை அசைவுகளும் குரலொலியும் ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அதை டூரெட் என்கிறார்கள்.

செருமல் என் காதில் விழுந்தது. இன்னொன்று கண்ணில் பட்டும் புரியவில்லை. ஒரே எழுத்தைத் தாள் கிழியும்வரை அழித்து அழித்து எழுதுவான். ‘கையெழுத்தில் கவனம் தேவை’ என்று எழுதி அனுப்பினேன். பெற்றோர் கூட்டத்தில் அவன் அம்மா சொன்னார்: "இவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான் செருமுவாராம் சார். இப்பவும் வீட்டைப் பூட்டிட்டு நாலு தடவை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாரு." நான் அப்போது சிரித்துவிட்டேன்.

சிரிக்க வேண்டிய செய்தி அல்ல அது. 1885இல் இக்கோளாறை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் டூரெட்டே, இது குடும்பத்தில் தொடர்வது என்று குறித்திருக்கிறார். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, டூரெட் உள்ள 1,374 பேரையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் ஆராய்ந்தது. டூரெட் உள்ளவர்களில் நூற்றுக்கு 72 பேருக்கு ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சியோ, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவோ, இரண்டுமோ இருந்தன. டூரெட்டும் ஓ.சி.டி.யும் மரபுவழியில் நெருங்கியவை, ஓ.சி.டி.யும் ஏ.டி.எச்.டி.யும் அப்படியே. டூரெட்டுக்கும் ஏ.டி.எச்.டி.க்கும் உள்ள மரபுத் தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை. இதற்கெல்லாம் ஒற்றை மரபணு காரணமல்ல. பல மரபணுக்களின் சிறுசிறு பங்குகள் சேர்கின்றன. எனவே தந்தையிடம் பூட்டை இழுத்துப் பார்ப்பதாக இருப்பது மகனிடம் செருமலாகவும் வரலாம்.

படிப்பைக் கெடுப்பது பல நேரம் டிக் அல்ல, கூடவே வரும் இவைதான். ஆகவே பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது ‘சத்தம் போடுகிறான்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அழித்து எழுதுவதையும், பாதியில் எழுந்து போவதையும், வீட்டில் யாருக்கு என்ன இருந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். வகுப்பில் செருமலைக் கண்டுகொள்ளாதீர்கள். தேர்வில் எழுதி முடிக்கச் சற்று நேரம் விடுங்கள். அந்த அம்மாவிடம் நான் சொன்னதுபோல், "வளர்ப்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.