முன்பணம் கொடுக்கும் முன்னாடி வக்கீலைப் பாருங்க

(கூட்டமைப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போறவங்க நம்ம குழுக்களில் நிறையப் பேர். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து, குழுக் கடனும் வாங்கி, சிலமலையிலோ ராசிங்காபுரத்திலோ ரெண்டு சென்ட் மனை, ஒரு ஓட்டு வீடு என்று வாங்குகிறோம். ஆயுசில் ஒரு தடவை வாங்குகிற சொத்து. அதில் வில்லங்கம் வந்தால் வீடும் போகும், கடன் மட்டும் நிற்கும். அதனால் இதைப் பற்றி நீங்க வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை வைத்தே இன்றைக்குப் பேசுகிறேன்.

பத்திரம் எழுத ஆள் இருக்கும்போது வக்கீல் எதுக்கு?

பத்திர எழுத்தர் பதிவுத்துறையில் உரிமம் வாங்கியவர். நாம் சொல்வதைச் சட்டப்படி எழுதிக் கொடுப்பார். விற்கிறவருக்கு விற்க உரிமை உண்டா என்று ஆராய்வது அவர் வேலை இல்லை. இங்கிலாந்தில் வீடு வாங்கினால், பழைய பத்திரம் பார்ப்பதிலிருந்து பணம் கைமாறுவது வரை சொலிசிட்டர் என்கிற வக்கீல் கூடவே இருப்பது வழக்கம். நம்ம ஊரில் அப்படி வழக்கம் இல்லை. வங்கியில் வீட்டுக் கடன் வாங்கினால் வங்கி தன் வக்கீலை வைத்துப் பார்த்துக்கொள்ளும். குழுக் கடனில் வாங்கும்போது யார் பார்ப்பது? நாம்தான் ஆள் தேடணும்.

ரிஜிஸ்டர் ஆனால் இடம் நம்முடையதுதானே?

இங்கேதான் ரொம்பப் பேர் தவறாக நினைக்கிறார்கள். பதிவு கட்டாயம், சந்தேகமே இல்லை. 100 ரூபாய்க்கு மேலான சொத்தை விற்றால் பதிய வேண்டும் என்பது சட்டம். ஆனால் இடத்தின் உரிமை யாருக்கு என்று சார்பதிவாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் இதையே சொன்னது. உரிமை இல்லாதவர் எழுதிக் கொடுத்தது பதிவானாலும், நமக்கு உரிமை வராது.

வக்கீலிடம் என்ன கொண்டுபோகணும்?

விற்கிறவரின் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா, வீட்டுவரி ரசீது, வில்லங்கச் சான்று. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையத்தில் 1975 முதல் பார்க்கலாம். படித்த பிள்ளையிடம் சொன்னால் எடுத்துத் தரும். ஆனால் ஒன்று. பதிவானது மட்டும்தான் அதில் தெரியும். கைச்சீட்டு எழுதி வட்டிக்கு அசல் பத்திரத்தை அடமானம் வைத்திருந்தால் தெரியாது. அதனால் ஜெராக்ஸை நம்பாதீங்க, அசலைக் கண்ணால் பாருங்க. பஞ்சமி நிலமா, கோயில் நிலமா, அரசு கொடுத்த இலவச மனையா, அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவா என்றும் வக்கீலிடம் கேளுங்க. பார்த்த பிறகு அவர் கருத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்குங்க.

அண்ணன் தம்பி எல்லாரும் கையெழுத்துப் போடுறாங்க, போதாதா?

அக்கா தங்கச்சிகள் எங்கே என்று கேளுங்க. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005-இல் செய்த திருத்தப்படி, பூர்வீகச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே உரிமை மகளுக்கும் உண்டு. கட்டிக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி அதை மறைக்க முடியாது. அவள் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், நாளைக்கு அவள் வழக்குப் போடலாம். அது அவள் உரிமையும்கூட. இன்னொரு பெண்ணின் பங்கை விழுங்கி நமக்கு ஒரு வீடு வேண்டாம். வாரிசுச் சான்றிதழில் எத்தனை பேரோ, அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பவர் எழுதித் தர்றேன், விலையைக் குறைச்சுக்கிறேன் என்கிறாரே?

ஒத்துக்காதீங்க. பவர் பத்திரம் வாங்கியதால் சொத்து நம்முடையது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மலை மேலே, கேரளாவில் வாங்கினால்?

அங்கே சட்டமும் பழக்கமும் வேறே. பத்திரத்தை ஆதாரம் என்பார்கள், பட்டாவைப் பட்டயம் என்பார்கள், தீர்வை ரசீதைக் கரம் கட்டிய ரசீது என்பார்கள். பட்டயத்தில் நிபந்தனைகள் இருக்கும். ஏலமலைக் காட்டு நிலத்துக்குப் புதிதாகப் பட்டயம் கொடுக்க 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. "பட்டயம் சீக்கிரம் வந்துரும்" என்ற வாய்ப்பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீங்க. இடுக்கி மாவட்ட நிலத்துக்கு அங்கே வேலை செய்கிற வக்கீலையே பாருங்க.

வக்கீல் பீஸுக்கு எங்கே போறது?

முதலிலேயே எவ்வளவு என்று கேட்டு, ரசீது வாங்குங்க. விற்கிறவரோ புரோக்கரோ கூட்டிவருகிற வக்கீல் வேண்டாம், நமக்கென்று தனி ஆள் வேணும். பணம் இல்லையென்றாலும் வழி இருக்கு. 1987-ஆம் வருஷச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தேனி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணுக்கும் போன் போடலாம்.

யார் பேரில் வாங்குறது?

உங்க பேரில்! தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 1.4.2025 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 5 லட்சம் ரூபாய் மனைக்கு 5,000 ரூபாய் மிச்சம். அதை வக்கீல் பீஸுக்கு எடுத்து வையுங்க. பதிவு முடிந்ததும் பட்டாவையும் உங்க பேருக்கு மாற்றிக்குங்க.

கடைசியாக ஒரு வார்த்தை. நம்மில் பலர் முன்பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வக்கீலைத் தேடுகிறோம். கொடுத்த பணத்தை வாங்க நடையாய் நடக்கணும். முதலில் காகிதம், பிறகு வக்கீல், அதற்குப் பிறகுதான் முன்பணம். அதையும் வங்கி வழியாகக் கொடுங்க, 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.

வீடு, மனை வாங்கக் கடன் கேட்கிற உறுப்பினர், வக்கீலின் எழுத்துக் கருத்தையும் சேர்த்துக் கொடுக்கணும் என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானம் போட்டு நோட்டில் எழுதுங்க. கடன் கொடுக்கிற குழுவுக்கும் அது பாதுகாப்பு, வாங்குகிற நம்ம சகோதரிக்கும் பாதுகாப்பு.