கைப்பேசிப் படச்செய்தியும் கண்ணுக்குத் தெரியாத செலவும்

(சங்கரன்கோவிலில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கண்மாய், சாலை, குடிநீர் ஆகியவை பற்றிப் பேசும் இம்மேடையில் கைப்பேசியைப் பற்றி நான் பேச முற்படுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். ஆனால், ஒரு குடும்பத்தின் பணம் சிறிது சிறிதாகக் கசியும் இடம் எதுவாயினும் அதனை அடைப்பது வளர்ச்சிப் பணியே ஆகும். கரையில் நண்டு வளை ஒன்று இருந்தால் போதாதா, கண்மாய் வற்றுவதற்கு?

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற மழைக்காலத்தில் ஒரு கண்மாய்க் கரை அரித்திருப்பதைப் படமெடுத்து, குறுஞ்செய்தி வழியாகவே பத்துப் பேருக்கு அனுப்பினேன். என் திட்டத்தில் நாள்தோறும் நூறு செய்தி இலவசம் என்ற துணிவு எனக்கு. மறுநாள் பார்த்தால், தனியாகப் போட்டு வைத்திருந்த இருப்புத் தொகை முழுவதும் போய்விட்டது. அருகிலிருந்த பெரியவர் ஒருவர், “ஐயா, எனக்கும் இப்படித்தான் போகிறது. எங்கே போகிறது?” என்று கேட்டார். ஊராட்சிக் கணக்குகளைப் பைசா சுத்தமாகக் கேட்கும் நான், அவருக்கு விடை கூற இயலாமல் நின்றேன். விடை தேடி அறிந்தவற்றையே இன்று கூறுகிறேன்.

படத்தோடு செல்லும் செய்தி வேறு வகை. சாதாரணக் குறுஞ்செய்தி வேறு வகை. இலவசச் செய்தி என்னும் சலுகை பெரும்பாலும் சாதாரணச் செய்திக்கே உரியது. படச்செய்திக்குத் தனிக் கட்டணம் உண்டு. பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்து முறை கட்டணம். மேலும், சில கைப்பேசிகள் நீண்ட செய்தியையும் குழுவுக்கு அனுப்பும் செய்தியையும் நம்மைக் கேளாமலே படச்செய்தியாக மாற்றி அனுப்பிவிடுகின்றன.

தமிழில் எழுதுவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து கொள்ளும். தமிழிலோ 70 இடங்களே. அவற்றிலும் ‘கி’ என்னும் ஓரெழுத்து இரண்டு இடம் பிடிக்கும். ஆகவே, நாம் ஒரு செய்தி என்று எண்ணி அனுப்புவது இரண்டாகவோ மூன்றாகவோ கணக்கிடப்படும். தமிழில் எழுதுவதை விடச் சொல்லவில்லை. சுருங்க எழுதுங்கள் என்கிறேன்.

இதற்குப் பரிகாரம் எளிது. கைப்பேசியின் செய்தி அமைப்புப் பகுதியில், குழுச் செய்தியைப் படச்செய்தியாக அனுப்பும் ஏற்பாடு இருந்தால் அதனை மாற்றிவிடுங்கள். வீட்டிலுள்ள பள்ளிப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் செய்து தரும். பூச்சி விழுந்த பயிரின் படத்தை வேளாண் அலுவலருக்கோ, மல்லிகையின் படத்தைப் பூச்சந்தை வியாபாரிக்கோ அனுப்ப வேண்டுமாயின், இணைய வசதி கொண்ட திட்டத்தில் வாட்ஸ்அப் வழியாக அனுப்புங்கள். அதற்குச் செய்திக் கட்டணம் இல்லை. இணைய அளவில் சிறிது குறையும், அவ்வளவே. பயிர் பற்றிய ஐயத்தை வாய்மொழியாகவே கேட்க விரும்பினால், 1800-180-1551 என்னும் உழவர் அழைப்பு மைய எண்ணுக்குக் கட்டணம் கிடையாது.

இனி, நாம் கேளாமலே வந்து சேரும் சேவைகள். பாட்டு, ஜோசியம், கிரிக்கெட் என்று ஏதோ ஒரு பொத்தானை அழுத்தியதும் தொகை பிடிக்கத் தொடங்கும். இதனைத் தடுக்கவே, வாடிக்கையாளரிடம் இருமுறை சம்மதம் பெற்ற பின்னரே இத்தகைய சேவையைத் தொடங்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013 ஜூலையில் ஆணையிட்டது. வேண்டாத சேவையை நிறுத்துவதற்கு 155223 என்னும் பொது எண்ணும் ஏற்படுத்தப்பட்டது. ‘சம்மதமா?’ என்று வரும் செய்தியைப் படிக்காமல் ‘ஆம்’ என அழுத்துவது, படிக்காத பத்திரத்தில் கையொப்பமிடுவதற்கு ஒப்பாகும்.

பணம் குறைந்தால் அன்றைக்கே முறையிடுங்கள். ஒரு நாள் கடந்தால் வழக்கு வலுவிழக்கும். நிறுவனத்தின் புகார் எண் 198-ஐ அழைத்து, அவர்கள் தரும் பதிவு எண்ணைத் தவறாமல் எழுதி வையுங்கள். பதிவு எண் இல்லாத புகார், ரசீது இல்லாத வரியைப் போன்றது. தீர்வு கிட்டாவிடில், அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. முன்பணம் செலுத்துவோரும் கடந்த ஆறு மாதத்துள் எந்த மாதத்திற்கும் விவரக் கணக்கைக் கேட்டுப் பெறலாம் என்று 2012-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது.

‘பணத்தைத் திருப்பித் தருகிறோம், ரகசிய எண்ணைச் சொல்லுங்கள்’ என்று எவரேனும் அழைத்தால் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

உறுப்பினர்களே! அடுத்த கிராம சபையில் வரவு செலவைப் படித்து முடித்ததும் இவ்வெண்களையும் ஒருமுறை உரக்கப் படியுங்கள். ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய்தானே என்று எண்ண வேண்டாம். வெயிலில் களை எடுத்தவர் கையில் வந்த காசு அது. அது எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு. அன்று அந்தப் பெரியவருக்கு நான் சொல்லத் தவறிய விடையை, இனி ஒவ்வொரு சிற்றூரிலும் நீங்கள் சொல்வீர்கள் என நம்பி அமர்கிறேன்.